புரோபயாடிக்கும் உணவு ஒவ்வாமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் புரோபயாடிக் பேச்சு வந்துவிடும். "எங்களுக்கு நல்லா கேட்டுச்சு" என்பார் ஒருவர். "மூணு மாசம் கொடுத்தோம், ஒண்ணும் ஆகலை" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அது எப்படி என்று விளக்கத்தான் இந்தப் பக்கம். நான் மருத்துவர் இல்லை. நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுகளைப் படித்து எழுதுகிறவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

புரோபயாடிக் என்றால் சரியாக என்ன?

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-ல் ஒரு வரையறை தந்தது: போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள். இதில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. உயிரோடு இருக்க வேண்டும். போதிய எண்ணிக்கை வேண்டும். நன்மை என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். விளம்பரங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடும்.

யோசனை பழையது. வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து 1908-ல் நோபல் பரிசை பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்ட எலீ மெச்னிகாஃப், தன் கடைசிக் காலத்தில் புளித்த பாலின் மீது பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்கு அதில் உள்ள பாக்டீரியாதான் காரணம் என்றார். நோய் எதிர்ப்பு அறிவியலின் முன்னோடியும் புரோபயாடிக்கின் முன்னோடியும் ஒரே ஆள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். இரண்டு துறைகளும் மறுபடி கைகுலுக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

தயிர் சாப்பிட்டால் போதாதா?

தயிர் நல்ல உணவு. ஆனால் அதில் எந்த பாக்டீரியா, எத்தனை என்பது ஒவ்வொரு தடவை உறையூற்றும்போதும் மாறும். ஆய்வுகளில் கொடுப்பது பெயரும் எண்ணும் தெரிந்த குறிப்பிட்ட ரகங்கள் (ரகம் என்றால் ஒரே பாக்டீரியா இனத்துக்குள் உள்ள உட்பிரிவு). அதனால் ஒன்றின் முடிவை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது. அப்புறம் இன்னொரு விஷயம்: பால் ஒவ்வாமை உள்ளவருக்குத் தயிரும் பால்தான். புளித்தாலும் அதில் உள்ள கேசின் என்ற பால் புரதம் எங்கும் போய்விடாது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. அது ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருந்தால் உப்புசம், வயிற்றுப்போக்கு வரும். அதில் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு வேலையே இல்லை. தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்களிடம் அந்த நொதி இருப்பதால், லாக்டோஸ் செரிக்காதவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். "புரோபயாடிக் சாப்பிட்டு என் பால் அலர்ஜி போய்விட்டது" என்று சொல்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது அலர்ஜியே அல்ல, இதுதான் என்பது என் ஊகம்.

சரி, உண்மையான உணவு ஒவ்வாமையில் உடலுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. வேர்க்கடலைப் புரதம் ஒன்று குடல் வழியாகவோ, வெடித்த தோல் வழியாகவோ உள்ளே போகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் டென்ட்ரிடிக் செல் அதைப் பிடித்து, துண்டாக்கி, நோய் எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்லிடம் காட்டுகிறது. அந்த டி செல் 'டிஎச்2' என்ற வகையாக மாறினால் சிக்கல் தொடங்குகிறது. அது இன்டர்லூகின்-4 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிட, பி செல்கள் ஐஜிஇ என்ற ஆண்டிபாடியை உற்பத்தி செய்கின்றன. அந்த ஐஜிஇ, தோலிலும் குடல் சுவரிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும்.

இரண்டாம் கட்டம் அடுத்த முறை அதே புரதம் வரும்போது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஐஜிஇ-களை அந்தப் புரதம் ஒரு பாலம்போல இணைத்துவிட்டால் போதும். மாஸ்ட் செல்லுக்குள் நெருக்கமாக அடைத்து வைத்திருக்கும் துகள்கள் வெளியே கொட்டுகின்றன. அதில் முக்கியமானது ஹிஸ்டமின். பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டு, நாக்கு அரிக்கிறது என்று சொல்லி, உதட்டோரம் ஒரு தடிப்பு எழும்பி, நீங்கள் என்ன என்று பார்ப்பதற்குள் அது கன்னம் வரை பரவியிருக்கும். இரத்தக்குழாய்கள் கசிகின்றன, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, சில சமயம் இரத்த அழுத்தம் விழுகிறது. எல்லாம் நிமிடங்களில்.

ஐஜிஇ சம்பந்தப்படாத உணவு ஒவ்வாமைகளும் உண்டு. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வாந்தி, மலத்தில் இரத்தம் என்று வரும். அவற்றின் இயக்கம் வேறு. இந்தப் பக்கத்தில் பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் ஒவ்வாமை வருவதில்லை?

சரியான கேள்வி இதுதான். உணவு முழுக்க முழுக்க அந்நியப் புரதம். தினமும் வண்டி வண்டியாக உள்ளே தள்ளுகிறோம். உடல் அதையெல்லாம் எதிர்க்காமல் இருப்பதுதான் அதிசயம்.

குடல் வழியாக வருவதைப் பொறுத்துக்கொள்ள உடல் கற்கிறது. இதற்கு வாய்வழிச் சகிப்பு என்று பெயர். முன்கூட்டியே சோளம் தின்று பழகிய கினிப் பன்றிகளுக்குப் பிறகு சோளப் புரதத்தை ஊசியில் ஏற்றினால் ஒவ்வாமை வருவதில்லை என்று 1911-லேயே பதிவாகியிருக்கிறது. ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1995-ல் ஷிமோன் சகாகுச்சி ஒரு தனி வகை டி செல்லை அடையாளம் காட்டினார். மற்ற டி செல்களை அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. இன்று அதை ஒழுங்காற்று டி செல் என்கிறோம், சுருக்கமாக டிரெக். 2001-ல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் குழு ஒரு நோயாளி எலி ரகத்தை ஆராய்ந்து ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. டிரெக் செல் உருவாக அந்த மரபணு கட்டாயம் வேண்டும் என்பது அதன் பிறகு தெளிவானது. இந்த மூவருக்கும்தான் 2025-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல்.

ஃபாக்ஸ்பி3 பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் அரிதாக இருக்கிறார்கள். கடுமையான வயிற்றுப்போக்கு, கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி), எகிறிய ஐஜிஇ, பலருக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்து வரும். டிரெக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

இதில் பாக்டீரியா எங்கே வருகிறது?

குடலில் டிரெக் செல்கள் தாமாகப் பெருகுவதில்லை. யாரோ தூண்ட வேண்டும். அந்தத் தூண்டுதலில் ஒரு பெரும்பங்கு அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களுடையது.

சந்தேகம் முதலில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1989-ல் டேவிட் ஸ்ட்ராச்சன் 17,414 பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரங்களை அலசி, அண்ணன் அக்கா அதிகம் உள்ளவர்களுக்கு மகரந்தக் காய்ச்சல் குறைவு என்று கண்டார். சிறுவயதில் தொற்று அதிகம் பட்டால் ஒவ்வாமை குறையுமோ என்று கேட்டார். அந்தக் கருத்து 'சுகாதாரக் கருதுகோள்' என்று பரவி, பலர் கையில் சிக்கி, "அழுக்காக இருந்தால் நல்லது" என்று சிதைந்துபோனது. இன்றைய புரிதல் வேறு. நோய் தரும் கிருமி வேண்டியதில்லை. குடலில் பலவகைப்பட்ட, நம்மோடு காலங்காலமாக வாழும் பாக்டீரியாக்கள் வேண்டும். கை கழுவுவதை நிறுத்தத் தேவையில்லை.

2011-ல் கென்யா ஹோண்டாவின் குழு, எலிக் குடலில் உள்ள கிளாஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாக்கள் டிரெக் செல்களைப் பெருக்குகின்றன என்று காட்டியது. 2013-ல் மனிதக் குடலிலிருந்து அதே வேலையைச் செய்யும் 17 ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். கிளாஸ்ட்ரிடியா என்றதும் டெட்டனஸ் நினைவுக்கு வந்து பயப்பட வேண்டாம். அது பெரிய குடும்பம். அதில் ரவுடிகள் சிலர் மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2019-ல் வந்தது. சிகாகோவில் காத்ரின் நாக்லரின் ஆய்வகம், நலமான நான்கு குழந்தைகளிடமிருந்தும் பால் ஒவ்வாமை உள்ள நான்கு குழந்தைகளிடமிருந்தும் மல மாதிரிகளை எடுத்து, உடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள் செலுத்தியது. பிறகு எலிகளின் நோய் எதிர்ப்பைப் பால் புரதத்துக்கு எதிராகத் தூண்டிவிட்டார்கள். ஒவ்வாமைக் குழந்தைகளின் பாக்டீரியா பெற்ற எலிகளுக்குக் கடும் எதிர்வினை வந்து உடல் வெப்பம் சரிந்தது. நலமான குழந்தைகளின் பாக்டீரியா பெற்றவை தப்பின. அந்தக் கூட்டத்தில் அனேரோஸ்டைப்ஸ் கக்கே என்ற ஒரே ஒரு இனத்தைத் தனியாகக் கொடுத்தபோதும் பாதுகாப்பு கிடைத்தது. நீங்கள் வாங்கும் புரோபயாடிக் பொட்டலத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அநேகமாக இருக்காது. இதற்கு அப்புறம் வருகிறேன்.

பாக்டீரியா செல்களிடம் எப்படித்தான் 'பேசுகிறது'?

பல வழிகள். ஒன்று, கழிவின் மூலம். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பியூட்ரேட் போன்ற குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. செல்லுக்குள் டி.என்.ஏ. நூல், ஹிஸ்டோன் என்ற உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணுவைப் படிக்க முடியாது. பியூட்ரேட் அந்த இறுக்கத்தை உண்டாக்கும் நொதிகளைத் தடுக்கிறது. சுற்று தளர்ந்து ஃபாக்ஸ்பி3 மரபணு திறந்துகொண்டால், டி செல் டிரெக்காக மாறும் வாய்ப்பு கூடுகிறது. 2013-ல் ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கும் டிரெக் செல்களுக்கும் உள்ள இந்த உறவைத் தனித்தனியே வெளியிட்டன. ஒரு பாக்டீரியாவின் கழிவு நம் மரபணு ஒன்றின் பூட்டைத் திறக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

இன்னொன்று, தொடுதல். பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள மூலக்கூறுகளை டென்ட்ரிடிக் செல்கள் தங்கள் ஏற்பிகளால் தடவிப் பார்க்கின்றன. எல்ஜிஜி என்ற புரோபயாடிக் பாக்டீரியா ரகத்துக்கு உடலில் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றால் குடலின் சளிப்படலத்தைப் பற்றிக்கொள்ளும். தொட்ட ரகத்தைப் பொறுத்து டென்ட்ரிடிக் செல்லின் மனநிலை மாறும். சில ரகங்கள் அதை அமைதிப்படுத்தி இன்டர்லூகின்-10 சுரக்க வைக்கும். சில, சண்டைக்குத் தயார்படுத்தும்.

மூன்றாவது, சுவரைப் பலப்படுத்துவது. 2014-ல் எலிகளில் காட்டினார்கள்: கிளாஸ்ட்ரிடியா குடியேறினால் இன்டர்லூகின்-22 கூடுகிறது, குடல் உட்சுவர் இறுகுகிறது, வேர்க்கடலைப் புரதம் இரத்தத்துக்குள் கசிவது குறைகிறது. எதிரி உள்ளே வராவிட்டால் போர் எதற்கு?

நம் உடலில் ஆண்டிபாடி சுரக்கும் செல்களில் பெரும்பாலானவை குடல் சுவரில்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே நடக்கும் பேச்சுக்கு உடல் முழுக்கச் செல்வாக்கு இருப்பதில் வியப்பில்லை.

தாய்ப்பாலுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு, அதுவும் அழகான பங்கு. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகமாக இருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. குழந்தைக்கு உதவாத ஒன்றை அம்மாவின் உடல் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுத் தயாரிக்கிறது? அது குழந்தைக்கு அல்ல, குழந்தையின் குடலில் உள்ள பிஃபிடோபாக்டீரியாவுக்கு. குறிப்பாக இன்ஃபான்டிஸ் என்ற துணையினம் அதை மிச்சமில்லாமல் தின்னும். அந்தத் துணையினத்தைக் கொடுத்த தாய்ப்பால் குழந்தைகளிடம், டிஎச்2 பக்கம் சாய்க்கும் சமிக்ஞைகள் குறைந்ததாக 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு ஒவ்வாமை குறைந்ததா என்பது வேறு கேள்வி. அந்த ஆய்வு அளந்தது சமிக்ஞைகளைத்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் புரோபயாடிக் கொடுத்தால் ஒவ்வாமை போகும் என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

இயக்கம் உண்மை என்பதாலேயே பொட்டலம் வேலை செய்யும் என்று ஆகிவிடாது. இரண்டு கதைகள் சொல்கிறேன்.

முதல் கதை கரப்பான் பற்றியது. 2001-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில், குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பிருந்து எல்ஜிஜி கொடுத்து, பிறந்த பிறகும் 6 மாதம் தொடர்ந்தார்கள். 2 வயதில் 132 குழந்தைகளைப் பார்த்தபோது, எல்ஜிஜி குழுவில் 23 சதவீதத்தினருக்குக் கரப்பான். பாக்டீரியா இல்லாத வெற்று மருந்து பெற்ற குழுவில் 46 சதவீதம். பாதியாகக் குறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தக் கட்டுரையிலேயே ஒரு குறிப்பு இருந்தது: ஐஜிஇ அளவுகளில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. உணவு ஒவ்வாமைக்கு இது உதவும் என்று அன்றே எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. 2008-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் அதே ரகத்தை ஏறத்தாழ அதே முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். இரு குழுவிலும் கரப்பான் ஏறத்தாழ 28 சதவீதம். வித்தியாசம் இல்லை.

இரண்டாவது கதையை அடுத்த கேள்வியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

வேர்க்கடலை அலர்ஜி புரோபயாடிக்கால் குணமாகிவிட்டது என்று செய்தி வந்ததே?

வந்தது, 2015-ல். மெல்பர்னில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள 62 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு 18 மாதம் தினமும் ஒரு லாக்டோபாசில்லஸ் ரகமும், கூடவே வேர்க்கடலைப் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு இரண்டுமே வெற்று. பிறகு சில வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவர் முன்னிலையில் வேர்க்கடலை சாப்பிடவைத்தார்கள். முதல் குழுவில் 82 சதவீதம் பேர் தாங்கினார்கள். வெற்றுக் குழுவில் 4 சதவீதத்துக்கும் குறைவு.

தலைப்புச் செய்திகள் 'புரோபயாடிக்' என்று கூவின. கொஞ்சம் நிதானித்து அந்தச் சோதனையின் அமைப்பைப் பாருங்கள். முதல் குழு இரண்டு பொருள்களைப் பெற்றது: பாக்டீரியா, வேர்க்கடலை. வேர்க்கடலையை மட்டும் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பதே ஒரு சிகிச்சை. அதனாலேயே பலர் தாங்கப் பழகுகிறார்கள். வேர்க்கடலை மட்டும் பெற்ற ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை. அப்படியிருக்க வெற்றிக்கு யார் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் குழுவே இதைப் புரிந்துகொண்டு, பெரிய சோதனை ஒன்றைச் செய்தது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்; புகழ் வந்த பிறகு தன் முடிவைத் தானே சோதிப்பவர்கள் குறைவு. 2022-ல் முடிவு வெளியானது. 201 பிள்ளைகள், மூன்று குழுக்கள். சிகிச்சையை 8 வாரம் நிறுத்திய பிறகும் தாங்கியவர்கள்: பாக்டீரியாவும் வேர்க்கடலையும் பெற்றவர்களில் 46 சதவீதம், வேர்க்கடலை மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதம், வெற்றுக் குழுவில் 5 சதவீதம். அதாவது வேலையைச் செய்தது வேர்க்கடலை. பாக்டீரியா சேர்த்த சிறு பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு சற்றுக் குறைந்ததற்கான அறிகுறி மட்டும் இருந்தது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்தச் சிகிச்சையை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. ஆய்வுகளிலேயே கடும் எதிர்வினைகள் வந்திருக்கின்றன.

பால் ஒவ்வாமைக்கு எல்ஜிஜி சேர்த்த பால்மாவு தருகிறார்களே, அது?

இங்கே நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருவது. பால் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த குழந்தை மாவில் எல்ஜிஜி சேர்த்து, இத்தாலியில் ராபர்ட்டோ பெர்னி கனானியின் குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 2013-ல் வெளியான 260 குழந்தைகள் ஆய்வில், ஓராண்டில் பாலைத் தாங்கப் பழகியவர்கள் எல்ஜிஜி சேர்த்த மாவு குடித்தவர்களில் 79 சதவீதம். எல்ஜிஜி இல்லாத அதே வகை மாவில் 44 சதவீதம். ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல. வலுவான முடிவுகளில் பெரும்பகுதி ஒரே குழுவிடமிருந்து வருவதும் என்னைச் சற்றுத் தயங்க வைக்கிறது. தவிர, பால் ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே போய்விடும். ஆக, "கொடுத்தோம், போய்விட்டது" என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. மாவை மாற்றுவது குழந்தை மருத்துவரின் முடிவாக இருக்கட்டும்.

கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தைக்கு உணவு ஒவ்வாமை வராமல் தடுக்கலாமா?

கரப்பானைத் தடுக்க, ஆபத்து அதிகமுள்ள குடும்பங்களில் யோசிக்கலாம் என்று 2015-ல் உலக ஒவ்வாமை அமைப்பு சொன்னது. ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்பதையும் அவர்களே எழுதினார்கள். உணவு ஒவ்வாமையைத் தடுக்க என்று வரும்போது, ஐரோப்பிய ஒவ்வாமை அகாதமியின் வழிகாட்டுதல் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

உண்மையில் தடுப்பில் பெரிய வெற்றி கிடைத்தது பாக்டீரியாவால் அல்ல, உணவாலேயே. 2015-ல் கிடியன் லாக் குழுவின் லண்டன் ஆய்வு: கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 கைக்குழந்தைகள். பாதிப் பேருக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே குழந்தைக்கேற்ற வடிவில் வேர்க்கடலை தர ஆரம்பித்தார்கள்; மீதிப் பேர் 5 வயதுவரை தொடவே இல்லை. தவிர்த்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வந்தது. சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்தினருக்கு. அதுவரை "தள்ளிப் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டுதல்கள் தலைகீழாக மாறின. ஏற்கெனவே ஒவ்வாமை அறிகுறி உள்ள குழந்தைக்கு மட்டும் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும்.

பொட்டலத்தில் என்ன பார்க்க வேண்டும்?

என் மேசையில் இப்போது ஒன்று இருக்கிறது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'பல கோடி நல்ல பாக்டீரியா'. திருப்பினால் மூன்று பெயர்கள், மூன்றும் இனப்பெயரோடு நின்றுவிடுகின்றன. ரகத்தைக் குறிக்கும் எழுத்தோ எண்ணோ இல்லை. இது எவ்வளவு பெரிய குறை என்றால், 'நாய்' என்று மட்டும் எழுதி விற்பது போல. காவல் நாயா, மடியில் வைக்கும் நாயா?

பேரினம், இனம், ரகம் மூன்றும் இருக்க வேண்டும். எல்ஜிஜி என்பதில் கடைசி 'ஜிஜி'தான் ரகம். 1980-களில் அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் இருவரின் முதலெழுத்துகள். 2020-ல் லாக்டோபாசில்லஸ் பேரினத்தையே பல துண்டுகளாகப் பிரித்துவிட்டதால் அதன் முழுப்பெயர் இப்போது லாக்டிகேசிபாசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி. பழைய பெயரோடு வந்தாலும் போலி என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து சிஎஃப்யூ எண்ணிக்கை, அதாவது உயிருள்ள பாக்டீரியா எத்தனை என்ற கணக்கு. தயாரித்த அன்று எத்தனை என்பதல்ல, காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்பதே கணக்கு. கடைசியாக, மேசையில் உள்ள பொட்டலத்தின் அடிமடிப்பில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் ஒரு வரி: 'பால் புரதத்தின் சுவடு இருக்கலாம்.' சில பாக்டீரியாக்களைப் பால் சார்ந்த ஊடகத்தில் வளர்ப்பதால் இப்படி ஆகிறது. பால் ஒவ்வாமைக்காகப் புரோபயாடிக் வாங்கி, அதிலுள்ள பாலாலேயே எதிர்வினை வருவது நடக்கக்கூடியது, நடந்தும் இருக்கிறது. வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்த வரியைப் படியுங்கள்.

எடுத்துக்கொண்ட பாக்டீரியா குடலில் தங்கிவிடுமா?

பெரும்பாலும் விருந்தாளிதான். நிறுத்திய சில நாள், சில வாரத்தில் போய்விடும். 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் எண்டோஸ்கோப்பி மூலம் குடலுக்குள்ளேயே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். சிலர் குடலில் புதியவை ஒட்டின. சிலர் குடல் ஏற்கவே இல்லை. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு பெற்றோரும் ஒரே பொட்டலத்தை வாங்கியிருந்தாலும் வேறு வேறு பதில் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆண்டிபயாடிக் முடிந்ததும் எடுத்தால் நல்லதுதானே?

அதே குழுவின் இன்னொரு சோதனை, ஆண்டிபயாடிக்குக்குப் பிறகு 11 ரகக் கலவை எடுத்தவர்களின் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வர, ஒன்றும் எடுக்காதவர்களைவிட அதிக காலம் ஆனதைக் காட்டியது. சிறிய ஆய்வு, குறிப்பிட்ட கலவை. ஆனாலும் "எப்படியும் நல்லதுதானே" என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. ஆண்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில ரகங்கள் உதவுவது உண்மை. அது வேறு நோக்கம்.

யார் எடுக்கக் கூடாது?

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. 2023-ல், மருத்துவமனையில் புரோபயாடிக் பெற்ற ஒரு குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியா இரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நோய் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்கள், பெரிய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருப்பவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. நலமான மற்றவர்களுக்கு வாயு, உப்புசம் தவிரப் பெரிதாக எதுவும் வருவதில்லை.

எதிர்வினை வந்துவிட்டது. அப்போது புரோபயாடிக் கொடுக்கலாமா?

கூடாது, பயனும் இல்லை. மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, மயக்கம், குரல் கம்முவது என்று வந்தால் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. தொடையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் தவறு.

அடுத்து என்ன வரப்போகிறது?

இன்று கிடைக்கும் புரோபயாடிக்குகள் பெரும்பாலும் லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். எளிதாக வளரும், பாதுகாப்பு வரலாறு உண்டு, அதனால் விற்பனைக்கு வந்தன. ஒவ்வாமை ஆய்வுகள் கைகாட்டும் கிளாஸ்ட்ரிடியா வகைகளோ ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும் ரகம். அவற்றை வளர்த்துக் கேப்சூலில் அடைப்பதே தனிக் கலை. தேர்ந்தெடுத்த பல ரகங்களைக் கூட்டாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் மனிதர்களிடம் தொடங்கியிருக்கின்றன. நலமானவரின் மல பாக்டீரியாவைக் கேப்சூலாக விழுங்கவைத்தும் பார்க்கிறார்கள்.

இதற்கிடையில் நேரடி வழியில் ஒரு மருந்து வந்துவிட்டது. ஐஜிஇ-யையே பிடித்துக் கட்டிவிடும் ஓமலிசுமாப் ஊசிக்கு, தவறுதலாக உணவு உள்ளே போனால் வரும் எதிர்வினையைக் குறைக்க, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குணமாக்காது, தாங்கும் வரம்பை உயர்த்தும்.

ஏற்கெனவே பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்திவிடவா?

எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்: கரப்பானுக்கா, வயிற்றுக்கா, ஒவ்வாமை போக வேண்டும் என்றா? முதல் இரண்டு என்றால், தேதி போட்டு எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் பார்த்து, மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம். மூன்றாவது என்றால், அந்தக் காசை ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கச் செலவழிப்பது மேல் என்பேன். எப்படியானாலும், புரோபயாடிக் எடுக்கிறானே என்ற தைரியத்தில் தவிர்த்து வந்த உணவை வீட்டில் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை போய்விட்டதா என்று கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு இடம், ஊசியும் ஆளும் தயாராக இருக்கும் மருத்துவமனைதான்.